சொந்தத் தண்ணீர்

எங்கள் தெருவில் பிறந்த ஒருத்தர் தன் வீட்டில் நீச்சல் குளம் கட்டப்போகிறார். எனக்கு அண்ணன் முறை, பெரியம்மா மகன். வளைகுடாவில் பதினெட்டு வருசம் உழைத்துச் சேர்த்த காசு. கம்பத்துக்குப் பக்கத்தில் வீடு முடிந்துவிட்டது. பின்பக்கம் குளத்துக்குக் குழி வெட்டுவதுதான் பாக்கி. சேதி கேட்ட தோழர் ஒருத்தர், "நடுத்தர வர்க்கமாகிப்போன தலித்தின் ஆடம்பரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஊர்த்தெருவில் பேச்சு வேறு: "இவனுகளுக்கு வந்த வாழ்வப் பாரு." ரெண்டு பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கு தண்ணீரால் வாழ்கிற சீமை. மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, 1895இல் கிழக்கே திருப்பினார்கள். ஆற்றுப் பாசனத்தில் ரெண்டு போகம் நெல். கிணற்றுப் பாசனத்தில் திராட்சை, வாழை. அணை கட்டிய பென்னி குவிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற ஊர்கள் இவை. ஆனால் நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான் தண்ணீரும் இருந்தது.

எங்க தாத்தா கெணறு வெட்டுற ஆளு. பாறைய வெடி வச்சுப் பொளந்து ஊத்துக் கண்ணத் தொறந்துவிட்டது அவரு. அந்தத் தண்ணி மொதல்ல நனைச்சது அவரு காலத்தான். சுத்துச்சுவர் வச்சு, படி கட்டி, மோட்டார் மாட்டுன பொறவு, அதே தண்ணியில அவரு பேரன் எறங்குனா தீட்டு. கோடையில தூர் வார எறங்கலாம். தண்ணி ஊறுன பொறவு குளிக்க எறங்கக் கூடாது. ஊர்த்தெருப் பயலுக இடுப்புல சுரைக்கூடு கட்டி நீச்சல் பழகுறதப் பாத்துட்டு, அண்ணன் எட்டு வயசுல ஒரு தோட்டத்துக் கெணத்துல குதிச்சுருச்சு. மேல ஏறி வந்தா டவுசரும் சட்டையும் இல்ல. பெரியம்மா வந்து கால்ல விழுந்த பெறகுதான் துணியக் குடுத்தாங்க. அன்னைக்குச் சொன்ன வார்த்தை: "இது எங்க சொந்தக் கெணறுடி."

இந்தச் 'சொந்தம்' என்கிற வார்த்தையைத்தான் நாம் யோசிக்க வேண்டும். மகாத் நகராட்சி 1924இலேயே சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டுத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆதிக்கச் சாதிகள் சாணியும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதோடு விடவில்லை, அது பொதுக் குளமே இல்லை, தங்களுக்குச் சொந்தம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். நமக்குச் சாதகமாக பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆகிவிட்டது. 2018இல் மகாராஷ்டிராவின் ஜல்காவ் மாவட்டத்தில் ரெண்டு தலித் சிறுவர்களை அம்மணமாக்கி அடித்தார்கள். அவர்கள் செய்தது, ஒரு தனியார் கிணற்றில் குளித்தது.

அமெரிக்காவில் வீட்டு நீச்சல் குளம் பெருகியதற்கும் இதில் பங்குண்டு. பொதுக் குளங்களில் கறுப்பரையும் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புகள் வந்ததும், வெள்ளையர்கள் பொதுக் குளத்தைக் கைவிட்டு வீட்டுக் கொல்லையிலும் தனியார் கிளப்பிலும் குளம் கட்டிக்கொண்டார்கள். ஜாக்சன் நகராட்சி, சேர்ந்து குளிக்க விடுவதைவிடக் குளங்களை மூடுவதே மேல் என்று மூடியது. அதில் தப்பில்லை என்று 1971இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே சொன்னது. கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கிச் சாவது இன்றைக்கும் வெள்ளைப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். தாத்தாவைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்தினால் பேத்தி தண்ணீரில் சாகிறாள். எங்கள் தெருவில் எந்தப் பொம்பளைக்கும் நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது.

குளம் கட்டும் கம்பெனிக்காரர் கொடுத்த பட்டியலை அண்ணன் என்னிடம் காட்டினார். சிமெண்ட் தொட்டிக்கு டைல்ஸ், மணல் வடிகட்டி, மோட்டார், குளோரின், கடைசியில் ஆசிட். தண்ணீரில் காரம் ஏறினால் குறைக்க அதைத்தான் அளவாக ஊற்றுவார்களாம். 1964 ஜூன் 18 அன்று ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நீச்சல் குளத்தில் இறங்கிப் போராடியபோது, விடுதிக்காரர் அந்த ஆசிட்டைத்தான் கொண்டுவந்து தண்ணீரில் கொட்டினார். மறுநாள் அமெரிக்க செனட்டில் சிவில் உரிமை மசோதா நிறைவேறியது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். நீளம் 8 மீட்டர், அகலம் 4, ஆழம் ஒன்றரை: 48,000 லிட்டர். கிராமத்துக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆக, 870 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். வெயிலில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் அதுவே 160 லிட்டர். மூணு பேர் பங்கு. போர் போட்டு எடுத்தாலும் அது பூமித் தண்ணிதான், யாரும் உற்பத்தி பண்ணியதில்லை. தோழர் சொன்னதில் இவ்வளவு உண்மை உண்டு. ஆனால் தோட்டத்துப் பங்களாக்களைப் பார்த்து இந்தக் கணக்கைக் கேட்காதவர்கள், எங்கள் அண்ணனிடம் மட்டும் கேட்க வருவது என்ன நியாயம்?

"கட்டுண்ணே," என்றுதான் சொன்னேன். "ஆழம் ஒரு மீட்டருக்கு மேல வேணாம், படிக்க வர்றதுக சின்னப் பிள்ளைக. சுத்தி வேலி போட்டுப் பூட்டு வை. சனி ஞாயிறு நம்ம தெருப் பொம்பளப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்க ஒரு டீச்சரம்மாவ வரச் சொல்லு."

அண்ணன் தலையாட்டினார். அண்ணிதான் கேட்டார்: "தெருவே வந்து எறங்குனா தண்ணி என்னத்துக்கு ஆகும்?"

அண்ணியைக் குத்தம் சொல்ல இதை எழுதவில்லை. நம்மை வெளியே நிறுத்திய கேள்வி, நம் வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்து நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அண்ணியிடம் நான் சொன்னது இதுதான்: "அழுக்க அளக்குறதுக்கு மருந்து இருக்கு அண்ணி. ரெண்டு சொட்டு விட்டா கலர் காட்டும், குளோரின் போட்டா சரியாப் போகும். தீட்ட அளக்க எந்தக் கடையில மருந்து விக்கிறான்?"

பொதுக் குளம் கேட்கிற நம் போராட்டத்துக்கு வீட்டுக் குளம் மாற்றாகாது. ஆனால் நம்மில் ஒருத்தர் கைக்குச் 'சொந்தம்' வந்து சேரும்போது, அது பழைய பூட்டாகவே இருக்குமா, திறக்குமா என்பது நம் கையில் இருக்கிறது. அண்ணி இன்னும் பதில் சொல்லவில்லை. குழி வெட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். நாளைக்குத் தொட்டியைக் கழுவவும் ஒரு ஆள் வருவார். தண்ணீர் நிறைகிற அன்றைக்கு முதலில் இறங்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அதை எழுதி அண்ணன் கையில் கொடுத்திருக்கிறேன்.