பத்து லிட்டர் பாத்திரம்

மிக்ஸி என்று நாம் பெயரிட்டு வைத்திருக்கும் பொருள் எதையும் கலப்பதில்லை, அரைக்கிறது. கலப்பதையே தொழிலாகக் கொண்ட இயந்திரத்துக்கு, அதாவது மாவு பிசையவும் முட்டை அடிக்கவும் பேக்கரிகளின் மூலையில் நிற்கும் அந்தக் கனத்த இரும்புக்கு, நம்மிடம் தனிப்பெயர் இல்லை. அக்காவுக்காகப் பழையது ஒன்றைத் தேடித் தூத்துக்குடித் தெருக்களில் அலைந்தபோது, கேட்ட இடத்திலெல்லாம் 'கேக் மிஷினா சார்?' என்றார்கள். தமிழ் வாத்தியாராகிய நானும் இரண்டாம் நாளிலிருந்து அப்படியே கேட்கத் தொடங்கினேன்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது கேக்குக்காக அல்ல, மக்ரூனுக்காக. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பொடித்த அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்), சீனி, முட்டையின் வெள்ளைக்கரு ஆகிய மூன்றே பொருள்கள். மைதா இல்லை, நெய் இல்லை. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சீனி சேர்த்து, பருப்புப் பொடியைப் பதமாகக் கலந்து, காகிதக் கூம்பில் அடைத்துப் பிழிந்து, இளஞ்சூட்டில் வெகுநேரம் உலர்த்த வேண்டும். ஆக, மக்ரூன் என்பது காற்றை நிற்கவைக்கும் வேலை. அடிக்க அடிக்க வெள்ளைக்கருவின் புரதங்கள் சுருள் அவிழ்ந்து, காற்றுக் குமிழிகளைச் சுற்றித் தம்முள் பின்னிக்கொள்கின்றன. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ துளி மஞ்சள்கருவோ இருந்தால் நுரை சரியாக எழும்பாது. அளவு மீறி அடித்தாலோ நீர் பிரிந்து திரிதிரியாகிவிடும்.

போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற பலகாரம் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. முந்திரி மரத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம், மறுப்பில்லை. சாவியும் ஜன்னலும் அலமாரியும் அவர்கள் வாயிலிருந்து நம் வாய்க்கு வந்தவைதாம். ஆனால் அவர்கள் நாட்டுக் கன்னியர் மடங்களின் புகழ்பெற்ற இனிப்புகள் பெரும்பாலும் மஞ்சள்கருவால் ஆனவை. வெள்ளைக்கரு அங்கே துறவாடைகளுக்குக் கஞ்சி போடவும் திராட்சை மதுவைத் தெளியவைக்கவும் போய்விடும். 1658இல் டச்சுக்காரர்களிடமும் 1825இல் ஆங்கிலேயரிடமும் கைமாறிய ஊர் இது. மக்ரூன் என்ற ஒலி ஆங்கில வாயைத்தான் எனக்கு நினைவூட்டுகிறது. ஐரோப்பாவின் பாதாம் இங்கே அண்டிப்பருப்பானது நம்மூர்க் கைவேலை.

அந்தக் கைவேலைதான் அக்காவின் கையைப் பதம் பார்த்தது. அத்தான் காலமான பிறகு, வீட்டிலிருந்தே செய்து கொடுக்கும் மக்ரூனும் கிறிஸ்துமஸ் கேக்கும்தான் அவள் வருமானம். வலது தோள் இறுகி, கை காதுவரைகூட எழாமல் போனபோது, மருத்துவர் முட்டை அடிப்பதை நிறுத்தச் சொன்னார். கையில் பிடித்து அடிக்கும் சிறு மின்கருவிகள் இரண்டு ஏற்கெனவே புகைந்து ஓய்ந்திருந்தன. அவை சில நிமிடங்கள் ஓடி இளைப்பாறுவதற்கென்றே செய்யப்பட்டவை, தொழிலுக்கு ஆகா.

பெரிய இயந்திரத்தின் வரலாறு பிடித்திருந்தது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், டிராய் நகரத்து ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ரொட்டி மாவைக் கரண்டியால் கிளறித் திணறும் ஒருவரைக் கண்டு 1908இல் இதை யோசித்ததாகச் சொல்கிறார்கள். 1914இல் எண்பது குவார்ட் கொள்ளும், அதாவது எழுபத்தைந்து லிட்டருக்கு மேல் பிடிக்கும் இயந்திரம் வந்தது. அதைச் சுருக்கி 1919இல் வீட்டுக்கான கிச்சன்எய்டு. துடுப்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பாத்திரத்தையும் வலம்வரும் கோள் இயக்கம் இரண்டுக்கும் பொது. பேக்கரி முதலில், வீடு பிறகு. அக்காவுக்கு நான் தேடியது மறுபடியும் பேக்கரியை நோக்கிய நடை.

கடைசியில் கிடைத்தது, மூடப்பட்ட ஒரு பேக்கரியிலிருந்து பட்டறைக்கு வந்திருந்த பத்து லிட்டர் மிஷின். விலை புதியதில் பாதிக்கும் கீழே. பட்டறை அண்ணாச்சி அதன் மும்முனை மோட்டாரைக் கழற்றிவிட்டு, வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஒருமுனை மோட்டாரை, அதே ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்றுள்ளதாகப் பார்த்துப் பொருத்தியிருந்தார். வெள்ளைக்கரு சாம்பல் நிறமாகிவிடும் என்பதால் பழைய அலுமினியப் பாத்திரத்தை ஒதுக்கி எவர்சில்வர் வைத்திருந்தார். உப்பளக் காற்று தின்ற அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூசியிருந்தார். பாத்திரத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு ஓடவிட்டார். கம்பித் துடைப்பம் ஒவ்வொரு வலத்திலும் நாணயத்தைச் சற்றே நகர்த்தியது. "இம்புட்டுதான் சார் இடைவெளி இருக்கணும்" என்றார். "ஓடும்போது மட்டும் கியர் மாத்திராதீங்க. மத்தபடி எது போனாலும் போல்ட்டைக் கழத்துனா கண்ணுக்குத் தெரியும்." உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட மறுக்கும் பொருள்களால் நிரம்பிய என் வீட்டை நினைத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்துக்காகவே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அக்காவுக்கு மகிழ்ச்சியைவிடக் கலக்கமே அதிகம். காரணம் பாத்திரம். ஐந்தாறு முட்டைக்குக் குறைந்தால் துடைப்பத்தின் நுனிதான் நனையும், நுரை எழாது. இருபது முட்டையின் வெள்ளை சுமார் அறுநூறு கிராம். பொங்கினால் நான்கைந்து லிட்டர் வரும். அப்போதுதான் மிஷின் தன் இயல்புக்கு வருகிறது. கால் கிலோ, அரைக் கிலோ என்று தெரிந்தவர்களுக்குச் செய்துவந்தவள் இனி கிலோக்கணக்கில் விற்றாக வேண்டும். கடன் சொல்லிப் பருப்பு வாங்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்துக் கூலி கொடுக்க வேண்டும். "தம்பி, கைக்கு ஓய்வு கேட்டேன். நீ கடையை வாங்கிட்டு வந்திருக்கே" என்றாள். இரண்டு வாரம் துணி போர்த்திய நிலையிலேயே அது கூடத்தில் நின்றது.

மூன்றாம் வாரம் அவளாகவே தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி காலையில் வந்துபோகிறாள். கையால் அரைமணி நேரம் ஆனது நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே திரிந்துபோகும் அபாயமும் அத்தனை வேகமாக வருகிறது. கடைசி நிமிடத்தில் அக்கா மிஷினை நிறுத்தி, துடைப்பத்தை உயர்த்தி, நுனியில் நிற்கும் நுரையின் வளைவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்பது இப்போதைய குறை.

இன்னொன்று, மிஞ்சும் மஞ்சள்கரு. முன்பு இரண்டு மூன்றுதான் மிஞ்சும், குழம்பில் போய்விடும். இப்போது நாளுக்கு இருபது. "அந்த மடத்துக்காரிகள் இதை வைத்து என்னதான் செய்தார்களாம்? படிச்சவன்தானே, பார்த்துச் சொல்லு" என்றாள். மாவுக் கிண்ணத்தில் மஞ்சள்கருவும் பாலும் சீனியும் ஊற்றிச் சுடும் லிஸ்பன் பலகாரத்தைப் பற்றிச் சொன்னேன். முதல் தட்டு மேலே கரும்புள்ளியோடு வந்தது. அதன் இலக்கணமே அதுதான் என்றேன். அக்கா நம்பவில்லை.