ஜாவாஸ்கிரிப்ட்: முதல் வாரக் குறிப்புகள்

திங்கள்

ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கணினியில் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ திறந்து எஃப்12 விசையைத் தட்டி, கன்சோலுக்குப் போனால் போதும். ஒரு வரி எழுதி என்டரை அழுத்தியதும் விடை கீழே வந்துவிடும்.

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்றெல்லாம் அழைக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் இன்றைய பெயரைப் பெற்றது. அப்போது ஜாவாவுக்கு இருந்த மவுசு பெயரில் ஒட்டிக்கொண்டது. மற்றபடி இரண்டும் வேறு வேறு மொழிகள். நிரலாளர் அல்லாதவரும் வலைப்பக்கத்தில் இரண்டு வரி எழுத வேண்டும் என்பது அன்றைய நோக்கம். அதனால் பொருந்தாத இரண்டு மதிப்புகளைக் கொடுத்தாலும் இந்த மொழி பெரும்பாலும் மறுக்காது, எப்படியாவது ஒரு விடையைத் தந்துவிடும். கற்பவர் திணறும் இடங்களில் பாதி இந்தத் தாராள குணத்திலிருந்து வந்தவை.

செவ்வாய்

மதிப்புக்குப் பெயர் வைக்க மூன்று சொற்கள் உண்டு: வார், லெட், கான்ஸ்ட். வார் பழையது. இஃப் அடைப்புக்குள் அறிவித்தாலும் ஃபங்ஷன் முழுவதும் தெரியும். மொழியின் 2015 தரத்தில் வந்த மற்ற இரண்டும் தம்மைச் சூழ்ந்த நெளிவு அடைப்பைத் தாண்டுவதில்லை. இன்று புதிதாக எழுதுபவருக்கு வார் தேவையே இல்லை, பழைய நிரலில் கண்டால் புரிந்தால் சரி. கான்ஸ்ட் என்றால் மதிப்பே மாறாது என்று எண்ணுவது பரவலான தவறு. அந்தப் பெயருக்கு வேறு மதிப்பைத் தர முடியாது, அவ்வளவுதான். கான்ஸ்ட் என்று அறிவித்த பட்டியலில் புதிய உறுப்பைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

அடிப்படைத் தரவினங்கள் ஏழு: எண், சரம், பூலியன், நல், அன்டிஃபைன்ட், சிம்பல், பிக்இன்ட். மற்றதெல்லாம் ஆப்ஜெக்ட். நல் எந்த இனம் என்று டைப்ஆஃப் கொண்டு கேட்டால் “ஆப்ஜெக்ட்” என்று பதில் வரும். இது முதல் வடிவத்திலேயே நேர்ந்த பிழை. திருத்தினால் அதை நம்பி எழுதிய பழைய பக்கங்கள் உடையும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பிக்இன்ட் தவிர, முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் ஒரே இனம்தான், 64 பிட் மிதவைப் புள்ளி. 0.1 + 0.2 என்றால் 0.30000000000000004 வரும். பணக் கணக்கைப் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் ரூபாயாக்குவது நல்ல வழக்கம்.

புதன்

அடிப்படைகளில் அதிக நேரம் கேட்பது இனமாற்றம். “5” என்ற சரத்தோடு 2 என்ற எண்ணைக் கூட்டினால் “52”. அதே சரத்திலிருந்து 2ஐக் கழித்தால் 3. கூட்டல் குறிக்கு எண்களைக் கூட்டுவதோடு சரங்களை ஒட்டும் வேலையும் உண்டு. ஒரு பக்கம் சரம் இருந்தால் ஒட்டுவதே முந்திக்கொள்ளும். கழித்தலுக்கு அந்த இரட்டை வேலை இல்லாததால் சரம் எண்ணாகிவிடுகிறது.

இது வெறும் வேடிக்கையல்ல. படிவத்தின் உள்ளீட்டுப் பெட்டியில் தட்டச்சு செய்வது எதுவாக இருந்தாலும் நிரலுக்குச் சரமாகத்தான் வந்து சேரும். 100 ரூபாய் விலையையும் 50 ரூபாய் அனுப்புக் கட்டணத்தையும் அப்படியே கூட்டினால் பில்லில் 10050 நிற்கும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நம்பர் ஃபங்ஷனால் எண்ணாக்கிவிட வேண்டும். அங்கும் ஒரு பள்ளம் உண்டு: காலிப் பெட்டியின் வெற்றுச் சரம் பிழையாகாமல் 0 ஆகிவிடும்.

இரட்டைச் சமக்குறி இனத்தை மாற்றிப் பார்த்து ஒப்பிடும், மும்மைச் சமக்குறி மாற்றாமல் ஒப்பிடும். மும்மையையே பழகுவது நல்லது. நிபந்தனைக்குள் 0, வெற்றுச் சரம், நல், அன்டிஃபைன்ட், நான் (NaN) ஆகியவை பொய்யாகக் கொள்ளப்படும். இருப்பு 0 என்று வேண்டுமென்றே பதிந்த பொருளை “விவரம் இல்லை” என்று காட்டும் கடைப் பக்கங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. நான் என்பது ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் மதிப்பு. அது தனக்குத் தானே சமமில்லை, டைப்ஆஃபோ அதை எண் என்கிறது.

வெள்ளி

இஃப், ஃபார், வைல்: வேறொரு மொழி தெரிந்தவர் புரட்டிப் பார்த்தால் போதும். ரிட்டர்ன் மட்டும் கவனத்துக்குரியது. மதிப்பை அடுத்த வரியில் எழுதினால் ரிட்டர்னுக்குப் பின் மொழியே அரைப்புள்ளி வைத்துவிடும், கிடைப்பது அன்டிஃபைன்ட்.

ஃபங்ஷன் இங்கே ஒரு மதிப்பு. மாறியில் வைக்கலாம், இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம், விடையாகத் திருப்பலாம். ‘எண்ணிக்கை’ என்ற மாறியை வெளி ஃபங்ஷனில் வைத்து, அதை ஒவ்வொன்றாகக் கூட்டும் உள் ஃபங்ஷனைத் திருப்பி அனுப்பினால், வெளி ஃபங்ஷன் முடிந்த பிறகும் எண்ணிக்கை அழியாது. இதுதான் குளோஷர். ஸ்கீம் மொழியிலிருந்து ஐக் கொண்டுவந்த இந்தப் பண்பு இந்த மொழியின் மிகச் சிறந்த பகுதி எனலாம்.

பட்டியலின் முதல் உறுப்புக்கு எண் 0. தேதியிலும் ஜனவரி 0, டிசம்பர் 11. ஆனால் நாள் 1இல் தொடங்கும். ஜாவாவின் தேதி வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு.

சனி

“தமிழ்” என்ற சரத்தின் லெங்த் 5. ஜாவாஸ்கிரிப்ட் யுடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று இந்த எண்ணை வைத்துத் தடுக்கும் படிவத்தில் தமிழ்ப் பெயருக்குக் கிடைக்கும் இடம் குறைவு. சரத்தை எழுத்துகளாகப் பிரிக்கும் இன்டில் செக்மென்டர் வழியாக எண்ணினால் 3 வரும்.

பட்டியலின் சார்ட் முறை, நாம் வேறு சொல்லாவிட்டால், எல்லாவற்றையும் சரமாக்கியே வரிசைப்படுத்தும். 9, 10, 1 என்ற பட்டியல் 1, 10, 9 ஆகும். தமிழ்ச் சொற்களிலும் சிக்கல் உண்டு: யுனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டி இருப்பதால் ‘வனம்’ முன்னும் ‘வயல்’ பின்னும் வரும். சரங்களை ஒப்பிடும் லோக்கேல் கம்பேருக்குத் தமிழின் மொழிக் குறியைக் கொடுத்தால் அகராதி வரிசை கிடைக்கும்.

ஞாயிறு

பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் உலாவி டாம் என்ற மரமாக நிரலுக்குத் தருகிறது. தலைப்பை மாற்றுவதும் பொத்தான் அழுத்தத்துக்குக் காத்திருப்பதும் அதன் வழியேதான். பக்கத்தின் நிரல் ஒற்றை இழையில் ஓடுகிறது. ஒரு வேலை முடிந்த பிறகே வரிசையில் காத்திருக்கும் அடுத்தது தொடங்கும். ஒரு வேலையைத் தள்ளிவைக்கும் செட்டைம்அவுட்டுக்குப் பூஜ்ய நேரம் கொடுத்தாலும் நடந்துகொண்டிருக்கும் வேலை முடியும்வரை அது காத்திருக்கும். நீண்ட கணக்கு ஒன்று ஓடினால் அதுவரை பொத்தான்கள் அசையாது.

சேவையகத்திலிருந்து தரவு வரும்வரை இந்த இழையை நிறுத்திவைக்க முடியாது என்பதால் பிறகு வரப்போகும் விடையைக் குறிக்கும் ப்ராமிஸ் 2015 தரத்திலும், அதை எளிதாக எழுத உதவும் அசிங்க், அவெய்ட் 2017 தரத்திலும் சேர்ந்தன. சேவையகத்திடம் தரவு கேட்கும் ஃபெட்ச் முன்னால் அவெய்ட் போடாமல் விட்டால் கைக்கு வருவது பதில் அல்ல, இன்னும் நிறைவேறாத ப்ராமிஸ். இதற்கும் மொழி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது.