பேண்டு குடும்பம்

ராணுவத்தில் பேண்டு வாசித்தேன் என்று சொன்னால், "அப்போ துப்பாக்கியே தொட்டதில்லையா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. தொட்டிருக்கிறோம். எல்லாச் சிப்பாய்களையும் போல எங்களுக்கும் முதலில் ஆயுதப் பயிற்சிதான்; வாத்தியம் அப்புறம். சண்டை என்று வந்தால் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்குவது பேண்டுக்காரர்களின் வேலை.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர், வருடத்துக்கு ஒருமுறை மனைவிமாருடன் கூடுகிறோம். ரெஜிமெண்டின் பயிற்சி மையம் குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறது. மலை ஏறினால் இப்போது பலருக்கு மூச்சு வாங்குவதால், கோயம்புத்தூரில் ஒரு சிறிய மண்டபம்தான். தமிழர், மலையாளி, தெலுங்கர் எல்லோரும் வருவார்கள். பேச்சு இந்தியில் தொடங்கும். சாப்பாடு முடிந்ததும் அவரவர் பாஷைக்குப் போய்விடும்.

வாசிப்பு மட்டும் வருடா வருடம் குறைகிறது. டிரம்பெட், யூஃபோனியம் ஊத முன்பல் உறுதியாக இருக்கவேண்டும். மவுத்பீஸின் அழுத்தத்தை உதட்டுக்குப் பின்னாலிருந்து தாங்குவது பல்தான். எங்களில் பல்செட் கட்டியவர்கள் ஊதினால் பாதி காற்று, பாதி சிரிப்பு.

பெண்களுக்கு ஒன்றும் மறக்கவில்லை. நாங்கள் மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில் ராணுவ இசைப் பயிற்சி பெற்ற மாதங்களில் இவர்கள் மாமியார் வீட்டில் இருந்தார்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்து வந்த பிறகு, பியூகிள் சத்தத்தைக் கேட்டே அடுப்பு மூட்டினார்கள். மாலையில் ரிட்ரீட் ஊதிக் கொடி இறங்கும்போது, விளையாடும் பிள்ளைகளை அசையாமல் நிற்கவைத்தார்கள். ஜனவரி 29-ல் டெல்லி விஜய் சௌக்கில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட்டுக்கு ஒத்திகை என்று நாங்கள் போய்விட்ட வருடங்களில், பொங்கலைத் தனியாகப் பொங்கினார்கள்.

இந்த வருடக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எனக்கு ஒரு போன். எங்களோடு கிளாரினெட் வாசித்தவரின் மனைவி. அவர் போன வருடம் காலமாகிவிட்டார்.

"அண்ணே, எல்லாருக்கும் கூப்பிட்டாச்சாமே. அவர் போயிட்டார்னா எங்க வீடு பேண்டு குடும்பம் இல்லையா?"

வழக்கமாக அழைப்பு பேண்டுக்காரர் பெயருக்குத்தான் போகும். அவர் போனால் பெயரும் போய்விடும். நண்பர்களிடம் பேசினேன். "பழசெல்லாம் ஞாபகம் வந்து அந்தம்மா வருத்தப்படுமே" என்றார் ஒருவர். நல்ல மனசோடுதான் சொன்னார். பக்கத்தில் இருந்த என் மனைவி, "வருத்தப்படறதா வேண்டாமான்னு அவங்களே பார்த்துக்கட்டுமே" என்றாள். அவரையும், அதேபோல் விட்டுப்போன இன்னும் இரண்டு பேரையும் அழைத்தோம். மூவரும் வந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்தம்மா 'அபைட் வித் மீ' வாசிக்கச் சொன்னார். காந்திக்குப் பிடித்த கிறிஸ்தவப் பாடல். எங்கள் காலத்தில் பீட்டிங் ரிட்ரீட்டில் தவறாமல் உண்டு. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். சொந்தப் பல்லோடு இருக்கும் ஒரு நண்பர் கிளாரினெட்டை எடுத்தார். நடுவில் மூச்சு முட்டி நிறுத்தினார். அந்தம்மா விடாமல் முனகிக்கொண்டே போனார். எங்களுக்கு முதலில் புரியவில்லை, மெட்டு வேறு மாதிரி இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது செகண்ட் கிளாரினெட்டின் பகுதி. அவர் கணவர் வீட்டில் சாதகம் செய்தது அதைத்தான். அந்தம்மாவுக்கு அதுதான் பாட்டு. நண்பர் மூச்சு வாங்கிக்கொண்டு மேல் மெட்டைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காபி ஆறுது, எல்லாரும் குடிங்க" என்றார்.

இப்போது எங்கள் பட்டியலை வீட்டுப் பெயரில் எழுதியிருக்கிறோம், ஆள் பெயரில் அல்ல. உங்களுக்கும் பழைய ஆபீஸ் சங்கமோ, பென்ஷன்காரர் கூட்டமோ இருக்கும். ஒருவர் காலமானார் என்று தெரிந்ததும் அந்த வரியை அடித்துவிடாதீர்கள். அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம்.