ஓடின கெஜமும் போட்ட கோலும்

ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வர முடியலை. ராத்திரி தூக்கம் வராம அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கப் போய் ஒரு கணக்கு மண்டையில் ஏறிடுச்சு. அதுக்குத்தான் இந்தக் கொசுவத்தி. :-)

அந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடுவாங்க. நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறணும். எல்லைக்கோட்டைத் தாண்டினா 6 புள்ளி. அது முடியாம கம்பங்களுக்கு நடுவே உதைச்சா 3தான். ஒரு அணி முன்னேறின மொத்த கெஜத்தை எடுத்த புள்ளியால் வகுக்கிறாங்க. 400 கெஜம் ஓடி 20 புள்ளின்னா, புள்ளிக்கு 20 கெஜம். 300 கெஜத்தில் 30 புள்ளின்னா வெறும் 10. சின்ன நம்பர்தான் கெட்டி.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. தடுக்கிறவங்க எதிராளி எல்லைக்குப் பக்கத்திலேயே பந்தைப் பறிச்சுக் கொடுத்துட்டா, ஓட வேண்டிய தூரமே குறைஞ்சிடும். வேர்வை ஒருத்தருக்கு, பேர் இன்னொருத்தருக்கு.

நம்ம கால்பந்திலும் இதே கதைதான். 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிரா ஸ்பெயின் ஆயிரம் பாஸுக்கு மேல் போட்டாங்க. அவங்க கணக்கில் விழுந்த ஒரே கோல், ரஷ்யாக்காரர் போட்ட சேம் சைடு கோல். கடைசியில் பெனால்டியில் தோத்தாங்க. அதே கோப்பை ஃபைனலில் பந்து பெரும்பாலும் குரோஷியா காலில்தான். ஆனா 4-2ன்னு ஜெயிச்சது பிரான்ஸ். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எங்க பெரியப்பா அன்னைக்கு வரிச்சிக்குடி வீட்டில் போட்ட ஆட்டம் இருக்கே!

நான் ஸ்பெயின் கட்சி. பத்தாவது படிக்கும்போது, அறுப்பு முடிஞ்ச வயலில் பக்கத்து ஊரோட மேட்ச். எங்க கோல்கிட்ட இருந்தே பந்தை எடுத்துட்டு நாலு பேரைத் தாண்டிட்டேன். வலது பக்கம் என் கூட்டாளி தனியா நின்னு, "டேய், இங்க டா"ன்னு கத்தினான். கேட்டுச்சு. கொடுக்கலை. நானே அடிச்சேன். பந்து வாய்க்காலுக்குப் போச்சு. 1-0ன்னு தோத்தோம். ஊரே "என்னமா ஓடுறான்"னு என்னைப் பாராட்டினது. அவன் மட்டும் ஒண்ணும் சொல்லாம வாய்க்காலில் இறங்கிப் பந்தை எடுத்துட்டு வந்தான்.

போன வாரம் ஆபீஸில் அப்ரைசல். ஆறு மாசமா ராத்திரி பகலா எழுதின மாட்யூலைப் பத்தி அரைமணி நேரம் பேசினேன். "இதுல எது யூசர் கைக்குப் போயிருக்கு?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. எதுவுமே போகலை. பக்கத்து சீட் பையன் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தான், "பாதியை என்கிட்ட கொடுங்கண்ணே"ன்னு. அதுவும் கேட்டுச்சு.

நேத்து துபாயில் இருக்கிற கூட்டாளிக்குப் போன் போட்டேன். "அன்னைக்கு உனக்குப் பாஸ் கொடுத்திருக்கணும்டா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கொடுத்திருந்தாலும் வெளியதான்டா அடிச்சிருப்பேன்" என்றான்.

பொய். அவ்வளவு கிட்ட இருந்து அவன் அடிச்சு வெளிய போனதை நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை முதல் வேலை, அந்த மாட்யூலில் பாதியைப் பையன்கிட்ட கொடுக்கணும்.