வெண்தலையார் வீட்டு விருந்து!

தலை நிறைய முடி இருக்கிற ஒருத்தரை ‘மொட்டை’னு கூப்பிட்டா கடுப்பாகுமா, ஆகாதா? அமெரிக்காவின் தேசியப் பறவைக்கு அந்தக் கதிதான். பேர் என்னவோ ‘பால்டு ஈகிள்’. ஆனா, தலை பூரா பளிச்னு வெள்ளை இறகு! பழைய ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்கு வெள்ளைங்கிற அர்த்தமும் உண்டு. அந்த வகையில், தமிழில் ‘வெண்தலைக் கழுகு’னு வெச்ச பேர்தான் செம கரெக்ட்.

இவங்களை மொத்தமா தரிசிக்கணும்னா, நவம்பரில் அலாஸ்காவுக்குக் கிளம்புங்க. ஜூனோவில் கப்பல் ஏறினா, நாலரை மணி நேரத்தில் ஹெய்ன்ஸ் என்கிற குட்டி ஊர். அங்கிருந்து கனடா போகும் ரோட்டில், சில்கட் ஆற்றை ஒட்டியே சுமார் முப்பது கிலோமீட்டர். நம்ம ஊர் ஸ்வெட்டர் எல்லாம் அங்கே கர்ச்சீஃப் மாதிரி, ஜாக்கிரதை!

இலை உதிர்ந்த மரங்களில் கிளைக்கு நாலைந்து பேரா உட்கார்ந்திருப்பாங்க. சில வருஷங்களில் 3,000-க்கும் மேல எண்ணியிருக்காங்க!

ஏன் இங்கே இவ்வளவு கூட்டம்? சிர்க்கு என்ற இன்னொரு ஆறு சில்கட்டோடு சேரும் இடத்தில், மணலும் கூழாங்கல்லும் விசிறி மாதிரி பரந்து கிடக்குது. கோடையில் அதுக்குள்ளே இறங்கும் தண்ணீர், குளிர்காலத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பா கசியும். அதனால் சுத்துவட்டாரமே உறைஞ்சாலும், சுமார் 8 கிலோமீட்டருக்கு ஆறு முழுசா உறையாது. அந்த நேரம் பார்த்து சால்மன் மீன்கள் வந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். கழுகுகளுக்கு விருந்து ரெடி!

இறக்கையை விரிச்சா ரெண்டு மீட்டரைத் தொடும். எடை ஆறு கிலோ வரை. ஆணைவிடப் பெண்தான் பெருசு. இறக்கை நுனி இறகுகள் விரல் மாதிரி பிரிஞ்சு நிக்கிறதைக் கவனிங்க. நுனியில் உருவாகும் காற்றுச் சுழலின் இழுவையைக் குறைக்கிற டெக்னிக் அது. மேலே எழும்பும் காற்றில் ஏறி உட்கார்ந்துட்டா, இறக்கை அடிக்காமலே மிதக்கலாம். பெட்ரோல் செலவு மிச்சம்!

பழுப்புத் தலையோட திரியறவங்க ஜூனியர்ஸ். தலை வெளுக்க நாலைந்து வருஷம் ஆகும், கிட்டத்தட்ட ஒரு பி.இ. கோர்ஸ்! குரல் மட்டும் கீச்சுக்கீச்சுதான். சினிமாவில் அலறும் அந்தக் கம்பீரக் குரல், பெரும்பாலும் செவ்வால் பருந்து கொடுத்த டப்பிங்!

இப்போ கொஞ்சம் சீரியஸ். 1782-லேயே அமெரிக்க அரசு முத்திரையில் இடம்பிடிச்ச பறவை இது. ஆனா, ‘எங்க மீனைத் தின்னுது’னு புகார் வந்ததும், 1917-ல் அலாஸ்கா இதன் தலைக்கு விலை வெச்சது. சுட்டுட்டு வந்தா ரொக்கம்! 1953 வரை ஒரு லட்சத்துக்கும் மேல காலி. 1940-ல் வந்த பாதுகாப்புச் சட்டத்திலும் அலாஸ்காவுக்கு விலக்கு!

மத்த மாநிலங்களில் வில்லன், டி.டி.டி. பூச்சிமருந்து. மீன் வழியா உடம்பில் ஏறி, முட்டை ஓட்டை மெலிசாக்கிடும். அடைகாக்க உட்கார்ந்தாலே ‘படக்’! 1963-ல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலா மிஞ்சினது 417 ஜோடிகள்தான். 1972-ல் அந்த மருந்துக்குத் தடை. 1976-லிருந்து நியூயார்க் மாநிலம் வெளியிலிருந்து குஞ்சுகளை வரவழைச்சு, வளர்த்துப் பறக்கவிட்டது. அதில் பெரும்பாலானவை எங்கிருந்து தெரியுமா? சுட்டதுக்குக் காசு கொடுத்த அதே அலாஸ்காவிலிருந்து!

1982-ல் சில்கட் கரையில் சுமார் 48,000 ஏக்கர் கழுகுகளுக்கான சரணாலயம் ஆச்சு. 2007-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்தும் இந்தப் பறவை வெளியே வந்தது. 2021-ல் வந்த கணக்குப்படி, அந்தப் பழைய 417 இப்போ 71,000 ஜோடிகளுக்கும் மேல். ‘தேசியப் பறவை’ பட்டம் சட்டப்படி கிடைச்சது 2024 டிசம்பரில்தான்!

அங்கே போனா ஒண்ணே ஒண்ணு... நல்ல போட்டோ ஆசையில் ஆற்றுப் படுகையில் இறங்கிடாதீங்க. பதறி ஒரு தடவை பறந்தாலும், குளிரைத் தாங்கச் சேமிச்ச தெம்பு கரையும். ரோட்டோரமே நின்னு பாருங்க. அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்!