கரி ஏறாத கரிப் பாதை

சிதம்பரம் ரயில் நிலையத்தில் மயிலாடுதுறை வண்டிக்காகக் காத்திருந்தபோது, கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று வடக்குப் பார்த்து நிதானமாகக் கடந்து போனது. “நெய்வேலிக் கரி சார்” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். நெய்வேலி சிதம்பரத்துக்கு வடமேற்கே இருக்கிறது. அங்கே வெட்டிய கரி தெற்கேயிருந்து எதற்கு வர வேண்டும்? மயிலாடுதுறை போய்த் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நெய்வேலி வழியாகப் போகும் பாதை கடலூர் முதுநகரில் தொடங்குகிறது. அங்குள்ள கடலூர் துறைமுகம் சந்திப்பில் தஞ்சாவூர்ப் பக்கம் போகும் பழைய மெயின் லைனிலிருந்து பிரிந்து, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி, ஊ.மங்கலம் என்று போய் விருத்தாசலத்தில் திருச்சி தடத்தோடு சேர்கிறது. மொத்தமே 60 கிலோமீட்டருக்குள். சுரங்கத்துக்காகப் போட்ட லைன் இது என்று கடலூரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு முனையில் துறைமுகம், நடுவில் சுரங்கம், மறுமுனையில் பெரிய சந்திப்பு. வரைபடத்தில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் ஆண்டுகள் ஒத்துவரவில்லை. மெயின் லைன் 1870களின் பிற்பகுதியில் வந்தது. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் 1906-இல் வெளியானது. அப்போது விருத்தாசலத்துக்கு ரயிலே கிடையாது. அதன் பிறகுதான் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜில் இந்தக் கிளையைப் போட்டது. அந்தக் கம்பெனி 1944-இல் அரசின் கைக்குப் போய்விட்டது. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானதோ 1956 நவம்பரில். தண்டவாளம் முந்தி, கரி பிந்தி.

அப்படியானால் பாதை யாருக்காக? விடை மேற்கே, சேலத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே கம்பெனி விருத்தாசலத்திலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலத்துக்கும் பாதை போட்டது. இரண்டையும் ஒட்டிப் பாருங்கள்: சேலத்து மலையடிவாரத்திலிருந்து வங்கக் கடலுக்கு ஒரே தடம். இந்த ஆசை ரயிலைவிடப் பழையது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உலை வைத்தார். தாது சேலம் பக்கத்திலிருந்து ஆற்றிலும் கால்வாயிலுமாகப் படகில் வந்தது. உலைக்கு எரிபொருள் காடு வெட்டிச் சுட்ட அடுப்புக்கரி. ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி கேட்டது உலை. சுற்றுவட்டக் காடுகள் தேயத் தேய, கரி மேலும் மேலும் தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. தாதும் தொலைவு, கரியும் தொலைவு என்று ஆகிவிட்ட ஆலை நெடுநாள் ஓடவில்லை. பிரிட்டனில் பிரிட்டானியா பாலத்துக்கு இந்த இரும்பும் போனது என்பது மட்டும் பெருமையாக மிஞ்சியிருக்கிறது.

ஹீத் விறகுக்கரிக்கு அலைந்துகொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு நாள் மாட்டுவண்டித் தூரத்தில் பழுப்பு நிலக்கரி பூமிக்குள் கிடந்தது. தெரிந்திருந்தாலும் அவருக்குப் பெரிதாக உதவியிருக்காது. அந்த ஈரக் கரியை வைத்துக்கொண்டு அவருடைய உலையில் இரும்பு உருக்க முடியாது. இருந்தாலும், எரிபொருளுக்காக இவ்வளவு பாடுபட்ட ஒருவர் இந்த மண்ணின் ஓரத்தில்தான் நடமாடினார் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மண்ணுக்குள் இருப்பது துண்டு துண்டாகத்தான் வெளிப்பட்டது. 1860களில் இந்தப் பகுதியை ஆராய்ந்த ஹென்றி பிளான்போர்ட் இங்குள்ள செம்மணற்கல்லுக்குக் கடலூரின் பெயரையே வைத்தார். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பது இந்த மணற்கல்லில்தான். 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர்ப் பக்கம் துளை போட்டபோது பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அதோடு நின்றுபோனது. பிறகு 1930களில், நெய்வேலியில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட, தண்ணீரோடு கரிய பொருள் மேலே வந்தது. அவர் அதை அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டுபோனார். 1940களில் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டது. நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது 1957 மே 20. கரிப்படுகையைத் தொட 1961 ஆகஸ்ட் ஆனது.

நான்கு ஆண்டு பிடித்ததற்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரும் ஒரு காரணம். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று இருக்கிறது. மேல் மண்ணை அள்ளிவிட்டால் பாரம் குறைந்து, தண்ணீர் அடித்தளத்தையே பிளந்துகொண்டு வரும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் இறைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் சுற்றுக் கிராமங்களில் இப்போது இல்லை. இறைத்த நீரில் ஒரு பங்கு பரவனாற்றில் ஓடி, பெருமாள் ஏரிக்குப் போய்ப் பாசனம் ஆகிறது.

சரி, வெட்டிய கரி எங்கே போனது? இங்கேதான் ரயில் பாதை ஏமாந்தது. நெய்வேலிக் கரியில் எடைக்குப் பாதி ஈரம். தண்ணீரை வேகனில் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப யாரும் கட்டணம் கட்டமாட்டார்கள். காய்ந்தால் நொறுங்கிப் பொடியாகும். குவித்து வைத்தால் தானாகவே புகைந்து தீப்பிடிக்கும். சுரங்கத்து வாசலிலேயே எரித்துவிடுவதுதான் கணக்குக்குச் சரிப்படும். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-இல் ஓடத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றது. ராட்சதச் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ஜெர்மன் வெட்டுப்பொறிகள் கரியைச் சுரண்டிப் போட, கன்வேயர் பெல்ட் மின் நிலையத்துப் பங்கர் வரை கொண்டுபோய்க் கொட்டுகிறது. இந்தக் கரி நாட்டின் உண்மையான ‘ஷார்ட் லைன்’, அதாவது குட்டி ரயில் வழி, இந்த பெல்ட்தான். கிலோமீட்டர் கணக்கில் நீளம். எஞ்சின் இல்லை, கார்டு இல்லை, பச்சைக் கொடி இல்லை.

இதே வகைக் கரியும் இதே வகை இயந்திரங்களும் ஜெர்மனியின் ரைன்லாந்தில் இருக்கின்றன. அங்கே சுரங்கத்துக்கும் மின் நிலையங்களுக்கும் நடுவே இடைவெளி உண்டு. அதனால் ஹம்பாக் ரயில் பாதை, வடக்கு-தெற்கு ரயில் பாதை என்று கரிக்கே சொந்தமான குட்டி ரயில் வழிகள் ஓடின. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் இப்படிப்பட்ட சிறு கம்பெனிகள் எத்தனையோ. நெய்வேலிக்கு அந்தக் கதை வாய்க்காதது அதன் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம்; ரயில் பிரியனான எனக்கு மட்டும்தான் குறை.

கொஞ்ச காலம் வேறு சரக்கு இருந்தது. ஈரம் போக்கி, அச்சில் அழுத்தி, கார்பனாக்கிய ‘லெக்கோ’ கட்டிகளை இன்றைக்கு ஐம்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விறகைவிடப் புகை குறைவு. பற்றவைக்கத்தான் பொறுமை வேண்டும். யூரியா ஆலையும் இருந்தது. வீட்டுக்கு வீடு கேஸ் சிலிண்டர் வந்த பிறகு லெக்கோ போனது, யூரியாவும் நின்றது. மேல் மண்ணோடு வரும் வெள்ளைக் களிமண் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலை வளர்த்தது. இதே தடத்தில் வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் விறகில் எரிகிறது என்பதை, சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. வடலூர்த் தைப்பூசத்துக்கு விடும் சிறப்பு ரயில்களில்தான் இந்தப் பாதை நிரம்பி வழிவதைப் பார்க்கலாம்.

இனி அந்த கூட்ஸ். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில், ஹீத்தின் உலை இருந்த ஊரை ஒட்டியே, 1200 மெகாவாட் தனியார் அனல்மின் நிலையம் ஒன்று சுமார் பத்தாண்டுகளாக ஓடுகிறது. அதற்கு வேண்டியது வெளிநாட்டு நிலக்கரி. கப்பலில் காரைக்கால் துறைமுகத்துக்கு வந்து, அங்கே ரயிலேறி வடக்கே வருகிறது. சிதம்பரத்தில் நான் பார்த்தது அந்த வழியில் வந்த கரிதான். உள்ளூர்க் கரி பெரும்பாலும் பெல்ட்டைத் தாண்டுவதில்லை. கடல் தாண்டி வந்த கரி ரயிலில் போகிறது. கடலூர் மாவட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் இவ்வளவு விசித்திரமான விஷயம் வேறில்லை.

கரிக்காக நிலம் கொடுத்தவர்களின் கணக்கு இன்னும் தீரவில்லை. 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், கதிர் விடும் பருவத்து நெல் வயலில் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. நெய்வேலியின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வேலை அது. நிலம் என்றோ கையகப்படுத்தியது என்றது நிறுவனம். அறுவடை வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த வயல்களுக்கு அடியில் இருக்கும் கரியும் ஒருநாள் பெல்ட்டில்தான் போகும்.

விருத்தாசலம் பாதை இப்போது அகலப் பாதை. மேலே மின்கம்பியும் போட்டாகிவிட்டது. ஆக நெய்வேலிக் கரி மின்சாரமாகி மின்தொகுப்பில் கலந்து, வண்டியில் ஏறாமல் வண்டியை இழுக்கவாவது செய்கிறது. கடலூர் துறைமுகத்தையும் ஆழப்படுத்திப் புதுப்பித்திருக்கிறார்கள். பெரிய கப்பல்கள் வரத் தொடங்கினால் முதலில் இறங்கும் சரக்கு நிலக்கரியாக இருக்கலாம் என்பது என் ஊகம். மேட்டூரிலும் சேலத்திலும் அதற்கு ஆள் இருக்கிறது. அப்படி நடந்தால் இந்தப் பாதை கடைசியில் கரிப் பாதையாகிவிடும். அந்தக் கூட்ஸ் வண்டிகள் நெய்வேலி ஸ்டேஷனில் நிற்காமல் போகும்.