பாதியில் நின்ற படம்

அரபி மத்ரஸாவில் முப்பது ஆண்டுகளாக நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்து வரும் ஒருவன் திரைப்படங்களைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று வாசக அன்பர்களில் சிலர் மூக்கின்மேல் விரலை வைக்கலாம். படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற சட்டப் பிரச்சினைக்கு விடை சொல்ல நான் பேனாவை எடுக்கவில்லை. அதற்குரிய பெரியோர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கிதாபுகளும் இருக்கின்றன. அண்மையில் என் மகளோடு அமர்ந்து நான் பார்த்த சில படங்களைப் பற்றியும், முன்னொரு காலத்தில் நான் பார்க்க மறுத்த ஒரு படத்தைப் பற்றியும் மனத்தில் பட்டதைச் சொல்லவே விழைகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பள்ளிவாசல் ஹவுளின் படியில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் எலும்பில் கீறல். ஆறு வாரங்கள் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓதினேன், படித்தேன், மாணவர்கள் வந்து கட்டிலருகே அமர்ந்து பாடம் கேட்டார்கள். அப்படியும் பகற்பொழுது நீண்டுகொண்டே போயிற்று. கல்லூரியில் படிக்கும் என் இளைய மகள்தான் ஒருநாள் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“எவ்வளவு நேரந்தான் வாப்பா முகட்டையே பாத்துக்கிட்டு இருப்பீங்க? ஒரு படம் போடட்டுமா? கெட்ட படம் இல்ல.”

மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால், அவள் கேட்ட விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தை நான் வேறொரு முகத்தில் முன்பே பார்த்திருக்கிறேன். ஆகவே, “போடு” என்றேன்.

முதலில் பார்த்தது ஈரான் நாட்டு இயக்குநர் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’. வானத்துக் குழந்தைகள் என்று பொருள்படும் பெயரை அதற்குப் பாரசீகத்தில் சூட்டியிருக்கிறார்கள். கதை மிகச் சிறியது. தங்கையின் காலணியை அண்ணன் தொலைத்துவிடுகிறான். வேறு வாங்கித்தர வாப்பாவிடம் பணமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அண்ணனின் ஒரே இணைக் காலணியை இருவரும் மாற்றி மாற்றி அணிந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி என்று அறிந்து, மூன்றாவதாக வரவேண்டுமென்றே அந்தச் சிறுவன் ஓடுகிறான். முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். வெற்றி பெற்றவனின் அழுகையை நான் இதுவரை எந்தக் கதையிலும் படித்ததில்லை.

ஆயினும் என் நெஞ்சில் நின்றது பந்தயக் காட்சியன்று. அந்த ஏழைத் தகப்பனார் பள்ளிவாசலுக்குரிய சர்க்கரைக் கட்டிகளை வீட்டில் வைத்து உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் கொண்டுவந்த தேநீருக்குச் சர்க்கரை கேட்கிறார். எதிரிலேதான் குவிந்து கிடக்கிறதே என்கிறாள் சிறுமி. இது பள்ளிவாசலுக்குச் சொந்தம், நம்மிடம் நம்பி ஒப்படைத்தது என்கிறார் அவர். அமானிதத்தைப் பற்றி மிம்பரிலும் வகுப்பிலும் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஒரு கட்டிச் சர்க்கரையைக் கொண்டு அதை இவ்வளவு தெளிவாக நான் விளக்கியதில்லை.

அடுத்து, ‘லயன் ஆஃப் தி டெஸர்ட்’ என்ற பழைய படம். அலெப்போவில் பிறந்த முஸ்தஃபா அக்காத் இயக்கி 1981இல் வெளிவந்தது. லிபியாவைப் பற்றிக்கொண்ட இத்தாலியரை இருபது ஆண்டுகள் எதிர்த்து நின்று, 1931 செப்டம்பர் 16ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட உமர் முக்தாரின் வரலாறு அது. அவர் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியர். என் தொழிலைச் செய்த ஒருவர் திரையில் நாயகராக வரக்கண்டது எனக்கு அதுவே முதல் முறை. தொடக்கத்தில் சிறுவர்களை அமர்த்தி, ‘மீஸான்’ என்னும் தராசைப் பற்றி அவர் பாடம் சொல்லும் காட்சியை நான் மீண்டும் ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திருக்கும் அந்தப் பொறுமை உண்மையான ஆசிரியருடையது. இறுதியில் தூக்குமேடையிலிருந்து விழும் அவருடைய மூக்குக்கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துக்கொள்கிறான். நடுவிலே வரும் போர்க் காட்சிகள் நீளம். இரண்டொரு முறை நான் கண்ணயர்ந்துவிட்டதை மறைப்பானேன்?

இத்தாலி இப்படத்தைத் தன் நாட்டில் திரையிடவொட்டாமல் 1982இல் தடுத்தது. 2009இல்தான் அங்கே தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது. பெருமானார் (ஸல்) அவர்களின் உருவத்தையோ குரலையோ காட்டாமலே இஸ்லாத்தின் தோற்ற வரலாற்றை ‘அர்ரிஸாலா’ என்ற படமாக அரபியிலும், ‘தி மெஸேஜ்’ என ஆங்கிலத்திலும் வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு எடுத்தவரும் இதே அக்காத்தான். 2005 நவம்பரில் ஜோர்தானின் அம்மான் நகர விடுதிகளில் நடந்த குண்டுவெடிப்புகளில் அவரும் அவருடைய மகளும் மாண்டனர். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்களே அதைச் செய்தனர் என்பதை என் மகள் சொன்னபோது, நெடுநேரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவது, மலையாளத்தில் ஸக்கரியா 2018இல் எடுத்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’. எழுவர் ஆடும் கால்பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்ற மலப்புறத்தில் கதை நடக்கிறது. நைஜீரியாவிலிருந்து ஆட வந்த இளைஞன் ஒருவன் காயம்பட்டு, ஒரு முஸ்லிம் வீட்டில் படுத்துவிடுகிறான். அவன் மொழி அந்த வீட்டு உம்மாவுக்குத் தெரியாது. உம்மாவின் மொழி அவனுக்குத் தெரியாது. காலில் கட்டோடு கட்டிலில் கிடந்த எனக்கு அந்தக் கதை எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உம்மாவும் பக்கத்து வீட்டு மூதாட்டியும் நடிக்கிறார்கள் என்றே தோன்றவில்லை. நம் தெருவிலிருந்து எழுந்து போய்விட்டு வந்தவர்களைப் போலிருந்தார்கள். உம்மாவின் மறுமணத்தை மகன் ஏற்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், மாற்றாந் தகப்பனார் அதைப் பொறுத்துக்கொண்டு ஒதுங்கிப் போவதும் நாம் பேசத் தயங்கும் வீட்டு விஷயங்கள். மார்க்கம் அனுமதித்ததை மனம் அனுமதிக்காத நிலையை அந்தப் படம் யாரையும் திட்டாமல் காட்டுகிறது. அவ்வாண்டின் சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது பொருத்தமே.

இவற்றைப் பார்த்தபின் நம் தமிழ்ப் படங்களின்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டாயிற்று. குழம்பை ‘ஆணம்’ என்கிறோம். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று நல்ல தமிழிலேயே நம் வணக்க வழிபாடுகளைச் சொல்கிறோம். உமறுப் புலவரையும் குணங்குடியாரையும் தந்த சமுதாயம் இது. ஆனால் திரையில் நெடுங்காலம் உலவிய ‘பாய்’ யார்? கட்டம்போட்ட கைலியும் தொப்பியுமாக வந்து, ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று கொச்சை பேசிச் சிரிப்பு மூட்டிவிட்டுப் போகிறவர். அல்லது நாயகனுக்காக உயிரை விடும் நண்பர். 1992இல் வந்த ‘ரோஜா’வுக்குப் பிறகு அந்தப் பாயின் கையில் துப்பாக்கி ஏறியது. அப்படத்தில் தொழுகையின் காட்சியும் தீவிரவாதத்தின் காட்சியும் அடுத்தடுத்து வருவதை இப்போதுதான் பார்த்தேன். எடுத்தவருடைய எண்ணம் எதுவாயினும் ஆகுக; ஸுஜூதில் இருக்கும் மனிதனைக் கண்டு அச்சப்படப் பார்ப்பவரின் கண் பழகிவிடுகிறது.

2021இல் வந்த ‘மாநாடு’ ஓரளவு ஆறுதல் தந்தது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் வேடிக்கைக் கதை. மகள் விளக்க விளக்கத்தான் எனக்குப் பாதி புரிந்தது. கலவரத்தை மூட்டுவதற்காக ஒரு முஸ்லிமின் தலையில் கொலைப் பழியைச் சுமத்தச் செய்யப்படும் சூழ்ச்சியை, அப்துல் காலிக் என்ற இளைஞன் முறியடிக்கிறான். அவனே நாயகன், அவன் எவருடைய நண்பனாகவும் வந்து உயிரை விடவில்லை. இரைச்சல்தான் என் காதுக்கு மிகுதி. பெயரைக் கேட்டதும் ஆசிரிய புத்தி விழித்துக்கொண்டது. ‘காலிக்’ படைத்தவனின் திருநாமம். மனிதனை ‘அப்துல் காலிக்’ என்றே முழுமையாக அழைக்க வேண்டும். இந்தக் கவனக்குறைவு நம் வீடுகளிலும் மலிந்து கிடப்பதால், படம் எடுத்தவர்களை நொந்து பயனில்லை.

மன்த்திக் என்னும் தர்க்கப் பாடத்தில் ஆண்டுதோறும் ஒரு விதியை நடத்துகிறேன். ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், முதலில் அப்பொருளை உள்ளத்தில் சரியாக உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. நம்மைப் பாராமலே நம்மைத் திரையில் வரைந்தவர்கள் அந்த விதியை மீறியவர்கள் என்று மகளிடம் சற்று உரக்கவே சொன்னேன். சொல்லி முடித்ததும் என் நாக்கு அடங்கிவிட்டது. அந்த விதியை மீறியவர்களில் நானும் ஒருவன்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தொலைவிலுள்ள எங்கள் ஊரில் திரையரங்கு இருந்ததில்லை. 1961இல் ‘பாவமன்னிப்பு’ வந்தபோது உம்மாவுக்குப் பதினைந்து வயது. தன் பெத்தும்மாவோடும் தெருப் பெண்களோடும் திரை கட்டிய வில்வண்டியில், வெள்ளைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தாராம். உம்மா தம் வாழ்நாளில் திரையரங்கில் பார்த்த ஒரே படம் அதுதான். எங்கள் சிறுவயதில், நிலாக்கால இரவுகளில், முற்றத்தில் பாய் விரித்து அந்த வண்டிப் பயணத்தை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டிருக்கிறோம்.

1993இல் ஆலிம் ஸனது பெற்றுத் தலைப்பாகையோடு ஊர் திரும்பினேன். வயது இருபத்து மூன்று. கற்றதையெல்லாம் ஒரே வாரத்தில் ஊருக்குக் கொட்டிவிட வேண்டும் என்ற வேகம். ஒருநாள் இஷாத் தொழுது வீட்டுக்கு வந்தால், கூடத்தில் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். மச்சான் வாடகைக்கு டெக் எடுத்து வந்திருந்தார். உம்மா கேட்டுத்தான் ‘பாவமன்னிப்பு’ கேஸட் வந்திருந்தது. என்னைக் கண்டதும் உம்மா பாதி எழுந்து, “கொஞ்சந்தான் வாப்பா, இப்ப முடிஞ்சிடும்” என்றார். ஈன்ற தாய், பெற்ற மகனிடம் தயங்கிக் கேட்ட கேள்வி அது. நான் போய்ப் பொத்தானை அமுக்கி அணைத்தேன். வந்திருந்தவர்கள் முன்னிலையிலேயே வீண் விளையாட்டைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, “சரி வாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் எங்கள் வீட்டில் படம் ஓடியதில்லை. உம்மா அந்த வண்டிப் பயணத்தைப் பற்றியும் பேசியதில்லை.

2019இல் உம்மா மௌத்தானார். மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் கலைந்தபின், ராத்தா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அன்னைக்கு உம்மா படத்துக்காக உக்காந்திருக்கல தம்பி. அதுல ஹனீபா பாட்டு ஒன்னு வரும்லா? அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க. அது வாரதுக்குள்ள நீ அணைச்சிட்ட.”

நாகூர் ஹனீபாவின் குரல் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஒலித்த குரல். உம்மா அடுக்களையில் முணுமுணுத்த குரல். திரையரங்கின் இருட்டில், அத்தனை அந்நியர்கள் நடுவே, தன் வீட்டுக் குரல் கேட்டதைத்தான் பதினைந்து வயதுப் பெண் வாழ்நாளெல்லாம் நினைவில் வைத்திருந்தார். எந்தப் பகுதிக்காகக் காத்திருக்கிறீர்கள் உம்மா என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் சொன்ன சட்டம் சரியா, தவறா என்பது வேறு. கேட்காமல் தீர்ப்புச் சொன்னேன். அதையும் பிறர் முன்னிலையில், தாயிடம் சொன்னேன். கிதாபுகள் எனக்கு அதைக் கற்றுத் தரவில்லை.

கட்டுப் பிரிப்பதற்கு முந்திய நாள், ‘பாவமன்னிப்பு’வைப் போடும்படி நானே மகளிடம் சொன்னேன். பீம்சிங் இயக்கிய படம். இந்துவாகப் பிறந்து, முஸ்லிம் வீட்டில் ரஹீமாக வளரும் பிள்ளையாகச் சிவாஜி கணேசன் நடிக்கிறார். தற்செயல்கள் மிகுந்த கதை, எம்.ஆர். ராதா வரும்போதெல்லாம் மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். ரஹீம் நல்லவன், சற்று அளவுக்கு மீறிய நல்லவன். இவ்வளவு குறையற்ற முஸ்லிமை நான் பார்த்ததில்லை. ஆயினும் அவன் கொச்சை பேசவில்லை. நம்மைப்போல் தமிழ் பேசுகிறான். அறுபது ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு முடிந்திருக்கிறது.

பெருநாள் காட்சி வந்தது. டி.எம். சௌந்தரராஜனின் குரலோடு ஹனீபாவின் குரலும் சேர்ந்து எழுந்தது. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மகள் நிறுத்தப் போனாள். “நிறுத்தாதே, ஓடட்டும்” என்றேன்.

மறுநாள் ராத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, படத்தை முழுவதும் பார்த்துவிட்டதாகச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

“ஹனீபா பாட்டு வந்துச்சா தம்பி?”

“வந்தது ராத்தா.”

இதைப் படிக்கும் இளம் ஆலிம்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வீட்டில் எதையேனும் அணைக்கு முன், அதன் எதிரே அமர்ந்திருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் என் உம்மாவின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! அவர் மனத்தை நோகச் செய்த என்னையும் மன்னிப்பானாக! ஆமீன்.